உங்கள் கைப்பையில் இருப்பது பிறருடைய வாழ்க்கை

மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வரும் காலை பஸ். பின் ஆசனத்தில் ஒரு சகோதரி இருக்கிறார். வீடு வீடாகச் சென்று நோயாளரையும் முதியோரையும் கவனிப்பது அவரது தொழில். முதல் நாள் இரவு தன் பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால் கண் அயர்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிச் சந்தி வந்ததும் அவசரமாக இறங்கினார். பஸ் புறப்பட்ட பின்புதான் தோளில் பை இல்லை என்பது தெரிந்தது.

பையில் இருந்தவை 340 ரூபா காசு, ஒரு குடை, சாப்பாட்டுப் பெட்டி, ஒரு சீ.ஆர். கொப்பி. "காசு கனக்க இருந்ததா?" என்று தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கொப்பியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கொப்பியிலோ 32 வீடுகளின் விபரம் இருந்தது. யார் யாருக்கு என்ன நோய், எந்த வீட்டில் ஆண்துணை இல்லை, யாருடைய உடம்பில் இன்னும் செல் துண்டு இருக்கிறது, யார் இரவில் எழும்பி அழுகிறார் என்பதெல்லாம் அவருடைய தெளிவான கையெழுத்தில் இருந்தன. கணவனின் அடிக்குத் தப்பி, இன்னொரு கிராமத்தில் ஒளிந்து வாழும் ஒரு பெண்ணின் முகவரியும் இருந்தது.

இங்கே சொல்லப்படுவது தனியொரு சகோதரியின் கதை அல்ல. இத்தொழிலில் இருப்போருக்கு நேரக்கூடியவற்றை ஒன்றாக்கி, ஆளையும் ஊரையும் அடையாளம் காண முடியாதபடி எழுதியிருக்கிறோம். ஏன் அப்படி எழுதினோம் என்பதே இக்கட்டுரையின் பொருளும் ஆகும்.

எமது மாவட்டத்தில் இன்று பல பெண்கள் பராமரிப்புப் பணியில் இருக்கிறார்கள். முதியோர் இல்லங்களில் வேலை செய்வோர், படுக்கையில் கிடப்போரை வீட்டில் சென்று பார்ப்போர், உளவளத்துணையாளர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுவோர், மாதர் சங்கங்களின் தொண்டர்கள் எனப் பலரும் அதில் அடங்குவர். இவர்களில் பலர் தாங்களும் போரில் இழந்தவர்களே. ஆகவே மற்றவரின் துயரம் இவர்களுக்கு விளங்கும். அத்துயரம் எழுதப்பட்ட தாளை எப்படிப் பாதுகாப்பது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

பட்டியல் சோறு போடும், ஆளையும் காட்டிக் கொடுக்கும்

பெயர்ப் பட்டியல் என்றால் என்னவென்று எமக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்த பிறகு, பட்டியலில் பெயர் இருந்தவருக்கே கூடாரமும் அரிசியும் கிடைத்தன. பெயர் விடுபட்டவர் கிராம உத்தியோகத்தரிடம் நடையாய் நடந்தார்.

2009ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டவர்களையும் நோயாளரையும் ஏற்றிய முதலாவது கப்பல், சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் உதவியுடன் எமது திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்தது. அன்று வந்தவர்கள் சுமார் 240 பேர். பின்னர் வந்தவர்கள் புல்மோட்டையில் இறக்கப்பட்டு, அங்கு இந்திய மருத்துவக் குழு நடத்திய வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றார்கள். அவ்வருடம் மே மாதம் வரை நோயாளரும் உடன் வந்தோருமாகப் பல ஆயிரம் பேர் இவ்வாறு கடல் வழியாக வெளியேறினர். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கமாகப் பிரிந்திருந்த அந்த நாட்களில், "இன்னார் உயிரோடு இருக்கிறார்" என்று சொன்னது ஒரு தாளில் எழுதப்பட்ட பெயர்தான். அதே பெயரைச் சொல்வதற்குப் பயந்தவர்களும் இருந்தார்கள். இரண்டும் உண்மை.

இன்னும் பின்னோக்கிப் பார்த்தால் 1983 ஜூலை வரும். அன்று கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்ற கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்களிப்பதற்காகக் கொடுத்த பெயரும் முகவரியும் வீட்டை எரிப்பதற்கு வழிகாட்டின. தகவலைக் கொடுத்தவர்கள் தவறு செய்யவில்லை. ஒரு தேவைக்காகக் கொடுத்தது இன்னொரு தேவைக்குப் போய்விட்டது. தனிப்பட்ட தகவல் விடயத்தில் நடக்கும் தீமைகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவையே.

இன்றைய நிலைமையைப் பாருங்கள். "பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்" என்று தலைப்பிட்டு, பெயரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் எழுதி, ஒரு பட்டியல் சுவரில் ஒட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உதவி வழங்குபவருக்கு அது நல்லதொரு பட்டியல். கெட்ட எண்ணம் கொண்டவருக்கோ, எந்தெந்த வீட்டில் பெண் தனியே படுக்கிறாள் என்று காட்டும் பட்டியல். நுண்கடன் கொடுக்க ஆள் தேடுபவருக்கும், வெளிநாட்டு வேலை என்று ஏமாற்றுபவருக்கும் அதே பட்டியல் உதவும்.

எது தனிப்பட்ட தகவல்?

பெயர், முகவரி மட்டும் என்று நினைக்கக் கூடாது. தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்களும் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண்கள், அந்த வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைக் காட்டும். பெண் என்றால் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 75532 என்று தொடங்கும் இலக்கம் 1975 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த ஒரு பெண்ணுடையது. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணிலும் பிறந்த வருடம், நாள், ஆணா பெண்ணா என்பன உள்ளன. பிறந்த திகதியையே வங்கி அட்டைக்கு இரகசிய எண்ணாக வைத்திருப்போர் எத்தனை பேர்? அடையாள அட்டைப் பிரதியும் வங்கிப் புத்தகப் பிரதியும் ஒன்றாக ஒருவர் கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எழுதாத தகவலும் உண்டு. ஓர் அம்மாவைக் குளிப்பாட்டும்போது அவருடைய முதுகில் உள்ள தழும்பைக் காண்கிறீர்கள். அது எப்படி வந்தது என்று அவர் சொன்னதும் சொல்லாததும் உங்களுக்குத் தெரியும். முன்னாள் போராளியாக இருந்த ஒரு பெண்ணுக்கு அந்தத் தழும்பு ஒன்றே அவருடைய முழுக் கோவையும் ஆகிவிடும். அவர் பாவிக்கும் மருந்தின் பெயர், அவருடைய வீட்டுக்கு யார் வருகிறார்கள், மகளின் திருமணப் பேச்சு எங்கே நடக்கிறது என்பதெல்லாம் வேலையின் போது உங்கள் கண்ணிலும் காதிலும் விழுந்தவை. அவர் வீட்டுக் கதவைத் திறந்தது கவனிப்புக்காக. வீட்டில் கண்டதை வெளியே கொண்டுபோக அவர் அனுமதி தரவில்லை.

அடகு வைத்த நகையை எடுத்துப் போட்டுக்கொண்டு திருவிழாவுக்குப் போக அடகுக் கடைக்காரருக்கு உரிமை இல்லை. இதுவும் அப்படித்தான். தகவல் உங்களிடம் இருக்கிறது, ஆனால் உங்களுடையது அல்ல.

முதலில் வாய்

கணினிக் கள்வர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எமது கிராமங்களில் தகவல் அதிகம் கசிவது வாயால்தான். குழாயடியில், பஸ்ஸில், கோயில் வீதியில், "ஒருத்தரிட்டயும் சொல்லாதேங்கோ" என்று தொடங்கும் பேச்சில் போய்விடும். "பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்று எமது பாட்டிமார் சொன்னது வீணான பேச்சல்ல.

பெயரைச் சொல்லாமல் பேசினால் போதும் என்றும் எண்ண வேண்டாம். "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கிற, மகன் காணாமற்போன அம்மா" என்றாலே சிறிய ஊரில் யாரென்று தெரிந்துவிடும்.

உங்களுக்கும் மனப்பாரம் இருக்கும். நாள் முழுவதும் பிறர் துயரத்தைக் கேட்டுவிட்டு வந்து ஒருவரிடமாவது இறக்கி வைக்க வேண்டும் போலிருக்கும். அது பலவீனம் அல்ல. அதற்குரிய இடம் உங்கள் மேற்பார்வையாளரும் சக பணியாளர்களின் கலந்துரையாடலுமே ஆகும். அங்கும் பெயர் தேவையில்லாவிட்டால் பெயரின்றிப் பேசுங்கள். இப்படியான கலந்துரையாடலுக்கு உங்கள் நிறுவனம் நேரம் ஒதுக்காவிட்டால் அதைக் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்தது தாள்

கொப்பி இல்லாமல் வெளிக்கள வேலை நடக்காது. ஆனால் அதை வைத்திருக்கும் முறையை மாற்றலாம். ஒரே கொப்பியில் எல்லாவற்றையும் எழுதாமல் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இலக்கமும் அதற்குரிய பெயர், முகவரியும் இருக்கட்டும். அது அலுவலகத்தில் பூட்டிய அலுமாரியை விட்டு வெளியே வரக்கூடாது. மற்றதில் இலக்கமும் வேலைக் குறிப்பும் மட்டும் இருக்கட்டும். "14: காலில் புண், மருந்து கட்டியது, மறுபடி வெள்ளி" என்று எழுதிய கொப்பி பஸ்ஸில் தவறினாலும் 14 யார் என்று கண்டெடுத்தவருக்குத் தெரியாது.

தேவையானதை மட்டும் எழுதுங்கள். மருந்து கட்டுவதற்குப் புண்ணைப் பற்றிய விபரம் வேண்டும். கணவன் எந்த இயக்கத்தில் இருந்தார் என்ற விபரம் வேண்டாம். படிவத்தில் கட்டம் இருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டும் என்றில்லை. "இது எதற்கு?" என்று மேலதிகாரியைக் கேளுங்கள். இல்லாத தகவலை ஒருவராலும் களவெடுக்க முடியாது.

பழைய படிவங்களைக் கிலோக் கணக்கில் பழைய கடதாசிக்குப் போடாதீர்கள். கச்சான் சுற்றித் தரும் தாளில் யாரோ ஒருவரின் விண்ணப்பப் படிவத்தை வாசித்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும், பொறுப்பானவரின் அனுமதியுடன், சாம்பலாகும்வரை நின்று எரியுங்கள்.

போட்டோக்கொப்பிக் கடையிலும் கவனம் வேண்டும். பிழையாக விழுந்த பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு ஆவணத்தை அனுப்பி அச்செடுத்தால், உங்கள் முன்னிலையிலேயே அதை அழிக்கச் சொல்லுங்கள்.

கைத்தொலைபேசி

இன்று கொப்பியைவிடக் கூடிய விபரம் கைத்தொலைபேசியில்தான் இருக்கிறது. வீட்டில் அது பொதுச் சொத்து. பிள்ளை விளையாடும், கணவர் எடுத்துப் பார்ப்பார், பழுதானால் கடையில் இரண்டு நாள் கிடக்கும். ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

திரைக்குப் பூட்டுப் போடுங்கள். ஆறு எண்களாவது இருக்கட்டும். பிறந்த திகதி வேண்டாம்.

காயத்தையோ, மருந்துத் துண்டையோ, அடையாள அட்டையையோ படம் எடுக்க வேண்டி வந்தால், உரியவரின் சம்மதத்துடன் எடுத்து, உரிய இடத்துக்கு அனுப்பியதும் அழித்துவிடுங்கள். அழித்த படங்கள் சில நாட்கள் குப்பைத் தொட்டியில் தங்கியிருக்கும். அங்கிருந்தும் நீக்குங்கள்.

வேலைக் குழுவில் போட வேண்டியது குடும்பக் குழுவில் விழுந்து விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பெயரும் நோயும் ஒன்றாக உள்ள செய்தியை எந்தக் குழுவிலும் போடாமல், தேவைப்படும் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். அனுப்புமுன் மேலே உள்ள பெயரை ஒருமுறை வாசியுங்கள்.

தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வங்கி என்று சொன்னாலும், உங்கள் நிறுவனம் என்று சொன்னாலும் சரி. தொலைபேசியை விற்கும்போதும் பிள்ளைக்குக் கொடுக்கும்போதும் அதிலுள்ள அனைத்தையும் முற்றாக நீக்கிவிடுங்கள்.

அரிசிப் பையும் புகைப்படமும்

நிவாரணம் கொடுக்கும்போது படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. "படம் எடுக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலானோர் "ஓம்" என்பார்கள். ஆனால் அரிசிப் பை மற்றவரின் கையில் இருக்கும்போது சொல்லும் "ஓம்" உண்மையான சம்மதம் ஆகாது. முதலில் பொருளைக் கொடுங்கள். பிறகு, மறுத்தாலும் உதவி நிற்காது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். அந்தப் படம் எங்கே போகும் என்பதையும் சொல்லுங்கள். முகநூலில் வந்த படம் கனடாவில் இருக்கும் மைத்துனருக்கும் போகும், தேடித் திரியும் கணவனுக்கும் போகும். முகம் தெரியாமல், கைகளை மட்டும் எடுத்தால் பல வேளைகளில் போதுமானது.

யார் கேட்டாலும் ஒரே பதில்

அயலவர், அரசியல்வாதி, நன்கொடையாளர், சீருடை அணிந்தவர், சிவில் உடையில் வருபவர் என யாரும் உங்களிடம் விபரம் கேட்கலாம். வீதியில் நின்று தனியே பதில் சொல்ல வேண்டாம். "விபரம் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அலுவலகத்துக்கு எழுத்தில் தாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கேட்டவர் யார், எப்போது, எதைக் கேட்டார் என்பதைக் குறித்து வைத்து அன்றே மேற்பார்வையாளருக்கு அறிவியுங்கள். இந்தச் சுமையைத் தனியொரு பணியாளர் தாங்கக் கூடாது. அதை நிறுவனமே தாங்க வேண்டும்.

பெரிய இடத்திலும் பூட்டு உடைந்தது

போரில் பிரிந்தோரைத் தேடித்தரும் வேலையை நீண்ட காலமாகச் செய்துவரும் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவை எமக்குத் தெரியும். காணாமற்போனோரின் விபரத்தை எம்மவர்கள் பலரும் அதனிடம் கொடுத்திருக்கிறார்கள். 2022 ஜனவரியில் அக்குழு ஒரு செய்தியை வெளியிட்டது. குடும்பங்களை இணைக்கும் பணிக்காக வைத்திருந்த கணினிகளுக்குள் யாரோ புகுந்துவிட்டனர் என்றும், 515,000க்கும் மேற்பட்டோரின் விபரங்கள் அதில் அகப்பட்டன என்றும் அது அறிவித்தது. காணாமற்போனோர், அவர்களின் குடும்பத்தார், தடுத்து வைக்கப்பட்டோர், அகதிகள் ஆகியோரின் விபரங்கள் அவை. உலகெங்கும் குறைந்தது 60 செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் திரட்டிய தகவல்கள்.

புகுந்தவர்கள் 2021 நவம்பர் 9ஆம் திகதியே உள்ளே வந்திருந்தார்கள். கண்டுபிடிக்கப்பட்டது 70 நாட்களின் பின்னர். ஒரு மென்பொருளில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் உரிய நேரத்தில் போடப்படாததே வழி திறந்ததற்குக் காரணம். உங்கள் தொலைபேசி "புதுப்பிக்கவும்" என்று கேட்கும்போது "பிறகு" என்று தள்ளிப் போடுகிறீர்களே, அதே விடயம்தான் இது.

இதிலிருந்து இன்னொன்றையும் கற்கலாம். அவர்கள் நடந்ததை மறைக்கவில்லை. உலகத்துக்கு அறிவித்தார்கள், பாதிக்கப்பட்டோருக்குத் தெரியப்படுத்தும் வேலையைத் தொடங்கினார்கள். தகவல் தொலைந்ததைவிட, தொலைந்ததை மறைப்பதால் வரும் கேடு பெரியது. தெரிந்தால்தான் உரியவர் தன்னைக் காத்துக்கொள்ள முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கைப் பாராளுமன்றம் 2022 மார்ச் மாதத்தில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி அது அமைக்கப்பட்டது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக மட்டும், தேவையான அளவு மட்டும், தேவையான காலத்துக்கு மட்டும் தகவல் வைத்திருக்கலாம் என்பதே அதன் சாரம். உடல்நலம், இனம், மதம், அரசியல் கருத்து, கைரேகை போன்ற உடல் அடையாளம், பிள்ளைகளைப் பற்றிய விபரம் என்பன விசேட கவனம் தேவைப்படுபவையாக அதில் குறிக்கப்பட்டுள்ளன. பராமரிப்புப் பணியாளரின் கொப்பியில் இருப்பவற்றில் பெரும்பகுதி இவையே.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை அமைத்த 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், இரகசியமாகச் சொல்லப்பட்டதைப் பேணிக் காக்கும் கடமையை அதன் ஊழியர்களுக்கு விதிக்கிறது. அதே ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் ஒருவரின் மருத்துவப் பதிவை அவரது சம்மதமின்றி வெளியிட இடமளிப்பதில்லை. பாலியல் வன்முறைக்கு உள்ளானவரை அடையாளம் காட்டும் விபரத்தை அனுமதியின்றி வெளியிடுவது தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றமாகும்.

மௌனம் காக்கக் கூடாத வேளை

இரகசியம் காப்பது என்பது ஆபத்தை மூடி மறைப்பது அல்ல. ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது, ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறார், ஒரு பெண்ணின் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்றால் உரிய இடத்துக்கு அறிவிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கங்கள் உண்டு. அரச வைத்தியசாலைகள் பலவற்றில், வன்முறைக்கு உள்ளான பெண்களுக்காக நட்பு நிலையம் இயங்குகிறது. முடிந்தால் உரியவருக்குச் சொல்லிவிட்டே அறிவியுங்கள். அப்போதும் தேவையானவருக்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கள். இதனால்தான் முதல் நாளிலேயே "நீங்கள் சொல்வதை வெளியே சொல்ல மாட்டேன். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் உதவி கேட்பேன்" என்று சொல்லிவைப்பது நல்லது. எல்லாவற்றையும் மறைப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவதைவிட இது நேர்மையானது.

கவனிப்பைப் பெறும் சகோதரிகளுக்கு

உதவி பெறுவதால் நீங்கள் கேள்வி கேட்கும் உரிமையை இழப்பதில்லை. இது எதற்கு எழுதுகிறீர்கள், யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், நான் சொல்ல விரும்பாவிட்டால் உதவி நிற்குமா, எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். வாசிக்கத் தெரியாது என்று வெட்கப்பட வேண்டாம். வாசித்துக் காட்டாத தாளில் பெருவிரல் வைக்க வேண்டாம். இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாமல் பதில் சொல்பவரே நல்ல பணியாளர்.

அந்தக் கொப்பி

பையைத் தொலைத்த சகோதரிக்கு வருவோம். ஒருவருக்கும் தெரியாது, பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். அன்றிரவு நித்திரை வரவில்லை. அடுத்த நாள் காலை மேற்பார்வையாளரிடம் சொன்னார். ஏச்சு விழுந்தது. பிறகு இருவருமாக உட்கார்ந்து, நினைவிலிருந்து 32 வீடுகளையும் எழுதி, யாருக்கு ஆபத்துக் கூட என்று வரிசைப்படுத்தினார்கள். முதலாவதாகச் சென்றது, ஒளிந்து வாழ்ந்த அந்தப் பெண்ணிடம். அவர் அன்று மாலையே பிள்ளைகளுடன் வேறிடம் போனார். போகும்போது எதுவும் பேசவில்லை.

மற்ற வீடுகளுக்குச் செல்லப் பத்து நாட்கள் பிடித்தன. சிலர் கோபித்தார்கள். ஒருவர் இனி வர வேண்டாம் என்றார். ஒரு வயதான அம்மா மட்டும், "மகள், வந்து சொன்னியே, அது போதும். இனி என்ர பேரை எழுதாத. இலக்கத்தைப் போடு" என்றார்.

கொப்பி இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தச் சகோதரியின் புதிய கொப்பியில் அந்த அம்மா 7ஆம் இலக்கம். பெயர் அலுவலக அலுமாரிக்குள் இருக்கிறது. சாவி இரண்டு பேரிடம் மட்டும்.